நாலு மாதம் பத்து நாள்

போன மாதக் கூட்டத்தில் நான் குரலை உயர்த்தியதில் உங்களில் சிலருக்கு மனவருத்தம் என்று கேள்விப்பட்டேன். உயர்த்தினேன்தான். ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து, ஓர் உதவி விண்ணப்பத் தாளுக்காக மேசையைத் தட்டுகிற கிழவி நம் கமிட்டியில் நான் ஒருத்திதான். மாதனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாளே, ஷூ கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, போட்டிருந்த கம்பெனி கோட்டைக்கூடக் கழற்றாமல். புருஷன் இருக்கிறானா என்று கேட்டோம். தெரியாது என்றாள். நம் தாளில் இருப்பது இரண்டே கட்டங்கள்: உயிருடன் இருக்கிறார், இறந்துவிட்டார். தெரியாது என்பதற்குக் கட்டம் கிடையாது. உங்களில் ஒருவர், நல்ல மனதோடுதான், இறந்துவிட்டார் என்றே போட்டுவிடலாம், அந்தப் பெண்ணுக்கு ஒத்தாசையாக இருக்கும் என்றார். அங்கேதான் எனக்கு ஏறிவிட்டது. பேனாவை எடுத்து மூன்றாவது கட்டம் ஒன்றை நானே போட்டேன். அவளுக்கு உதவியும் போய்ச் சேர்ந்தது. அந்த விஷயம் அதோடு சரி. ஆனால் இதற்குப் போய் இவ்வளவு கோபமா என்று கேட்டீர்களே, அதற்கு நான் அன்று பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். நீங்களும் என் வயதுக்காரிகள், டேனரி நாற்றத்தில் வளர்ந்தவர்கள். உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது.

எனக்கு அப்போது பத்து வயது. ஆம்பூரில் ரயில் பாதைக்கு அந்தப்புறம், ஒரு டேனரியின் பின்சுவரை ஒட்டிய சந்தில் குடியிருந்தோம். ஓர் அறை, அதன் மூலையிலேயே அடுப்பு, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல், ஒரு கதவு. சுவருக்கு அந்தப் பக்கம் தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டிகள். வெளியூர்க்காரர்கள் எங்கள் சந்துக்கு வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எங்களுக்கோ அந்த நாற்றம் நின்றுபோனால்தான் பயம். டேனரி ஓடவில்லை, சந்தில் யாருக்கும் கூலி இல்லை என்று அர்த்தம்.

எங்கள் அத்தா, அதாவது அப்பா, அந்தத் தொட்டிகளில் இறங்கி வேலை செய்தவர். விரலிடுக்கெல்லாம் வெந்து வெளுத்திருக்கும். வாய் மட்டும் மகாராஜா வாய். கான்பூரில் நம் ஊர் ஆட்களுக்குக் கூலி ஜாஸ்தி, வேலை கம்மி, ஒரே வருஷத்தில் இந்த ஓட்டு வீட்டை மாடி வீடாக்கிக் காட்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். தம்பி பிறந்து, அம்மா நாற்பதாம் நாள் குளித்து எழுந்த மறுவாரமே ரயில் ஏறிவிட்டார். முதலில் இரண்டு கடிதம் வந்தது. அப்புறம் ஒன்றரை வருஷம் ஒரு துண்டுச் சீட்டுகூட வரவில்லை.

அம்மா அப்பர் தைத்தாள். ஷூவின் மேல்பாகத்துக்கு அப்படிப் பெயர். கம்பெனி ஆள் வெட்டிய தோலை மூட்டையாகக் கொண்டுவந்து வாசலில் போடுவான். மெழுகு தேய்த்த நூலை இரண்டு ஊசியில் கோத்து அம்மா கையால் தைத்துக் கொடுப்பாள். கட்டைவிரலில் சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் வளையம் போட்டிருப்பாள், நூல் அறுக்காமல் இருக்க. வந்த கூலி யானைப் பசிக்குச் சோளப்பொரி.

ஜமாத்தில் அப்போதும் பைத்துல்மால் இருந்தது. பெரிய மனிதர்கள் கொடுக்கும் ஜக்காத்தைத் திரட்டி ஏழைகளுக்குக் கொடுக்கும் பொது நிதி. இன்று நாம் நடத்துவதே அதன் வாரிசுதான். பெண்கள் பகுதியைப் பார்த்துக்கொண்டவர் ஒரு டேனரி முதலாளியின் மனைவி. சந்தில் எல்லோருக்கும் அவர் பெரிய பீபி. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் திரை போட்ட ஜட்கா வண்டியில் வருவார். அரிசி மூட்டையும் துணியும் பின்னால் கைவண்டியில் வரும். கொடுக்கும்போதே கண் கலங்கிவிடும் அவருக்கு. நடிப்பு இல்லை. எனக்கு அவர்மேல் இன்றும் கோபம் கிடையாது. ஆனால் அவர் கையிலிருந்த பட்டியலில் இரண்டே வகைதான் இருந்தது: விதவைகள், எத்தீம் பிள்ளைகள். எத்தீம் என்றால் தகப்பன் இறந்த பிள்ளை. அம்மா இரண்டிலும் சேரவில்லை. ஒருமுறை அம்மா கேட்டபோது, புருஷன் இருக்கிறவளுக்குப் புருஷன்தான் பைத்துல்மால் என்று சொல்லிவிட்டார்.

சொன்னவர் சும்மா போகவில்லை, ஒரு வழியும் சொன்னார். வேலூரில் லாங் பஜாருக்குப் பின்னால் அவருடைய தங்கை வீடு. அங்கே கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்பிள்ளை வேண்டும். வயிறாரச் சாப்பாடு, வருஷத்துக்கு இரண்டு துணி. என்னை அனுப்பினால் வீட்டில் ஒரு வாய் குறையும். அதை அவர் தர்மமாகத்தான் நினைத்தார். அம்மா இரண்டு வாரம் பதில் சொல்லாமல் இருந்தாள். மூன்றாவது வாரம் தலையாட்டினாள்.

அந்த வீட்டில் எனக்கு முன்பு இருந்தவள் எங்கள் சந்துப் பெண்தான். பெருநாளைக்கு வந்தவள் என்னோடு பாண்டி ஆட வந்து, தன் முறை வருவதற்குள் சுவரில் சாய்ந்து தூங்கிப்போனாள். எழுப்பியபோது "இதோ பால் காய்ச்சிட்டேம்மா" என்று பதறி எழுந்தாள். நான் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் பையில் என் பாவாடை சட்டைகளை அம்மா மடித்து வைத்தாள். வெள்ளிக்கிழமை ஜட்கா வந்தால் நான் ஏற வேண்டும். பள்ளிக்கூடம் அதோடு முடிந்தது.

புதன்கிழமை தோல் தரகர் ஒருவர் வடக்கிலிருந்து ஊர் திரும்பினார். கான்பூர் ஆஸ்பத்திரியில் ஜுரம் கண்டு ஓர் ஆம்பூர் ஆள் மவுத்தாகிவிட்டான், அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். பள்ளிவாசலில் சொன்னார். சாயங்காலத் தொழுகை அசருக்குள் அது சுண்ணாம்புத் தொட்டி ஆள் என்று ஆனது. பொழுது சாய்ந்து மஃரிபுக்குள் எங்கள் அத்தா என்று ஆகிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது. ஆனால் இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். எங்களுக்கு உதவ முடியாமல் சங்கடப்பட்டுக்கொண்டிருந்த நல்ல மனிதர்கள் எல்லோருக்கும் அந்தச் செய்தி ஒரு வழி திறந்துவிட்டது. விசாரிக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

கமிட்டிக்காரர்கள் வாசலில் நின்று சொன்னபோது அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"பேரு சொன்னாங்களா?"

"ஆம்பூர் ஆளுன்னு சொன்னாங்கம்மா. நம்ம ஊர்லருந்து போனவங்க வேற யாரு இருக்காங்க?" என்றார் அவர்களில் மூத்தவர்.

வேறு சிலரும் போயிருந்தார்கள். அம்மாவுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அம்மா மேற்கொண்டு கேட்கவில்லை. மஞ்சள் பை இருந்த மூலையை ஒரு தடவை பார்த்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை ஜட்கா வந்தது. பெரிய பீபி இறங்கி, எப்போதும் வாசலோடு நிற்கிறவர், உள்ளே வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார். என்னை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டார். அவர்மேல் அத்தர் வாசனை அடித்தது. பாவாடை மடித்து வைத்த பையைப் பார்த்ததும் பதறிப்போய்விட்டார்.

"எத்தீம் புள்ளைய வேல வாங்குனா அல்லா நம்மள கேப்பான். இவ எங்கயும் போக வேணாம், படிக்கட்டும்" என்றார்.

தகப்பன் உள்ள பிள்ளை பாத்திரம் தேய்க்கலாம், தகப்பன் இல்லாத பிள்ளையைத் தேய்க்க விட்டால் பாவம். இதில் உள்ள வேடிக்கை எனக்கு அன்று தெரியவில்லை. நான் வேலூருக்குப் போக வேண்டாம் என்பது மட்டும் தெரிந்தது. அத்தா செத்துப்போன செய்தி வந்த வாரத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன். இதை நான் எழுத்தில் வைப்பது இதுதான் முதல் தடவை.

அப்புறம் இத்தா. புருஷன் இறந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே போகாமல், அலங்காரம் இல்லாமல், வெளி ஆண்கள் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். கமிட்டி செய்தி வந்த நாளிலிருந்து கணக்கு வைத்தது. மாதாமாதம் அரிசி உடனே வரும். இத்தா முடிந்த அன்று தையல் மிஷின் ஒன்று கொடுப்பார்கள், அதை வைத்துக்கொண்டு அம்மா காலூன்றிவிடலாம். பெண்கள் வந்து அம்மாவின் கண்ணாடி வளையல்களைக் கழற்றினார்கள். மூக்குத்தி கழல வராமல் தேங்காயெண்ணெய் விட்டுத் திருகினார்கள். கதவுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் துணி திரையாகத் தொங்கியது. தெருவைப் பார்த்த ஜன்னலைச் சாக்கு வைத்து அடைத்தார்கள். பொங்கல் முடிந்த குளிர் அப்போது, அதனால் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா டேனரியில் தோல் காயப்போடும் வேலைக்குப் போகிறவர். இந்துக்கள். எங்களுக்கு அவசரத்துக்குப் புளியும் உப்பும் அங்கிருந்துதான் வரும். மூன்றாம் நாள் திரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, அம்மாவின் கோலத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னாம்மா இது. யாரும் கண்ணால பாக்கல, ஒரு தந்தி இல்ல. நீ நம்புறியா?"

அம்மா ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நம்புனா அரிசி வருதுக்கா" என்றாள்.

அக்கா தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் எத்தீம் ஆனேன். எத்தீமின் தலையைத் தடவிக் கொடுத்தால் கை படும் ஒவ்வொரு முடிக்கும் நன்மை என்பார்கள் அல்லவா, ஊரே நன்மை சேர்க்க ஆரம்பித்தது. பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள், வருகிறவர்கள், ரொட்டிக்கடைக்காரர், யாரென்றே தெரியாத தாடிக்காரர்கள். காலையில் அம்மா எண்ணெய் வைத்துப் படிய வாரிவிட்ட தலை பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் கலைந்துவிடும். எத்தனை பேருக்கு என் தலையால் சொர்க்கத்தில் இடம் கிடைத்ததோ. கணக்கு டீச்சர் என்னை மட்டும் அடிப்பதை நிறுத்தினார். இறந்தவர்களுக்காகக் கத்தம் ஓதும் வீடுகளில் முதல் தட்டு எனக்கு வந்தது. எனக்குப் பிடித்திருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் பிடித்திருந்தது.

அம்மா உள்ளே இருந்தாள். கம்பெனி ஆள் மூட்டையை வாசலில் போட்டுவிட்டுத் தொண்டையைச் செருமுவான், நான் உள்ளே இழுத்து வருவேன். தைத்ததை நான் வெளியே வைப்பேன். தண்ணீர், விறகு, ரேஷன், எல்லாம் நான். கிணற்றுத் தண்ணீர் டேனரிக் கழிவால் உப்பாகிப்போய், நல்ல தண்ணீருக்கு ரயில் பாதையைத் தாண்டிப் போக வேண்டும். அம்மா ஒரு நூலில் தினம் ஒரு முடிச்சுப் போட்டு நாளை எண்ணினாள். தம்பி மட்டும் திரைக்கு அடியில் புகுந்து வெளியே போவதும் உள்ளே வருவதுமாக இருந்தான். அந்தத் திரையை மதிக்காத ஒரே ஆம்பளை அவன்தான்.

பங்குனி பிறந்ததும் அறை அவிய ஆரம்பித்தது. ஓட்டின் சூடு மேலே, அடுப்பின் சூடு பக்கத்தில், சாக்கு அடைத்த ஜன்னல். வெட்டிய தோலும் பசையும் மெழுகும் சேர்ந்து அந்த அறைக்கென்றே ஒரு நெடி வந்துவிட்டது. அம்மா சாக்கில் ஊசியால் ஓர் ஓட்டை போட்டாள். அப்பர் மூட்டை எடுக்கிற சாக்கில், குனிகிற சாக்கில், அந்த ஓட்டையில் கண்ணை வைத்துத் தெருவைப் பார்ப்பாள். ஒருநாள் நான் உள்ளே வந்தபோது அவள் நெற்றியைச் சாக்கில் அழுத்திக்கொண்டு அப்படியே நின்றிருந்தாள். கூப்பிட்டேன். திரும்பவில்லை. அம்மா அழவும் இல்லை, கோபமாகவும் இல்லை. எனக்கு அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது. பேசாமல் குடத்தை எடுத்துக்கொண்டு திரும்ப வெளியே போய்விட்டேன்.

முழுப் பரீட்சை நடந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் தபால்காரர் சந்து முனையில் என்னை நிறுத்தினார். அம்மாதான் வெளியே வர மாட்டாரே, நீயே வாங்கிக்கோ என்று ஒரு கார்டைக் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டுத் தலையையும் தடவினார். கோணல் கோணலான எழுத்து. அத்தாவின் எழுத்து.

மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன், பக்கத்துக் கட்டிலில் இருந்த நம் ஊர்ப் பையன் இறந்துபோனான், அல்லாவின் காவலால் நான் பிழைத்தேன், ரயில் சார்ஜ் சேர்ந்ததும் ஊருக்கு வருகிறேன், பாப்பா படிக்கிறாளா என்று எழுதியிருந்தார். கடைசி வரி எனக்கு எழுதப்பட்டது. அதை மட்டும் இரண்டு தடவை படித்தேன்.

வீட்டுக்குப் பத்தே அடிதான். கொடுத்துவிடலாம். கொடுத்தால் அம்மா அந்த நிமிஷமே திரையை விலக்கிக்கொண்டு வெயிலில் வந்து நிற்பாள். அரிசி நின்றுவிடும். மிஷின் வராது. நான் எத்தீம் இல்லை என்று ஆகிவிடும், வெள்ளிக்கிழமை ஜட்கா வரும். எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான். டேனரிச் சுவர் ஓரமாக ஓடும் சாக்கடையில் சுண்ணாம்புத் தண்ணீர் வெள்ளையாகப் போய்க்கொண்டிருந்தது. கார்டை அதில் விட்டேன். அது மூழ்காமல் கொஞ்ச தூரம் மிதந்துகொண்டே போனது. கூடவே நடந்து, குச்சியால் அமுக்கிவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து நானும் இத்தாவில் இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். யாரிடமும் வாய் திறக்க முடியாது. அம்மா வேர்வையில் தலைமுடி ஒட்டிக்கொள்ள உட்கார்ந்து தைக்கும்போது எதிரில் உட்கார்ந்து நூலுக்கு மெழுகு தேய்ப்பேன். நீ வெளியே போகலாம்மா, அவர் சாகவில்லை என்று நாக்கு நுனி வரை வரும். விழுங்கிவிடுவேன். சோறு இறங்காது. பிள்ளை தகப்பனை நினைத்து ஏங்குகிறது என்று பெரிய பீபி எனக்குத் தாயத்து கட்டிவிட்டார்.

கத்திரி வெயில். இன்னும் ஒன்பது முடிச்சுதான் பாக்கி. பள்ளிக்கூடம் லீவு. மத்தியான வேளையில் சந்தில் நாய்கூட இருக்காது. நான் வாசல்படியில் உட்கார்ந்து, முடிந்த அப்பர்களை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தேன். யாரோ எதிரே வந்து நின்றார்கள். நிழல் என்மேல் விழுந்தது. தலையை மொட்டை அடித்து, கன்னம் ஒட்டி, கையில் ஒரு துணிப்பையோடு.

"இன்னா பாப்பா, அடையாளம் தெரியலையா?"

குரல் மாறவில்லை. நான் எழுந்து நின்றேன். என் முதுகுக்குப் பின்னால், ஒரு துணி தூரத்தில், அம்மா தைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தோலில் ஊசி ஏறி நூலை இழுக்கும்போது வரும் கிறீச்சென்ற சத்தம். அது நின்றது.

"அம்மா எங்க?" என்றார்.

"உள்ள. இத்தால இருக்காங்க."

அவர் முகம் மாறியது. "யாரு மவுத்து? யாருக்கு இத்தா?"

"உங்களுக்கு" என்றேன்.

அவர் சிரிப்பது போல வாயைத் திறந்தார், சிரிப்பு வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியில் உட்கார்ந்தார். கார்டு போட்டேனே வரவில்லையா என்று கேட்டார். வந்தது என்று சொன்னேன். வேறு ஒன்றும் அதைப் பற்றி அவர் கேட்கவில்லை. திரையைப் பார்த்து அம்மாவைக் கூப்பிட்டார், இரண்டு தடவை. உள்ளே சத்தமே இல்லை.

அப்போதுதான் தம்பி திரைக்கு அடியில் தலையை நீட்டி வெளியே தவழ்ந்து வந்தான். நடக்கத் தெரிந்தும் திரையைத் தாண்ட மட்டும் தவழ்வான். படியில் உட்கார்ந்திருந்த மொட்டைத்தலை ஆளைப் பார்த்துவிட்டு வீல் என்று கத்தினான். அத்தா கையை நீட்டினார். அதற்குள் திரைக்கு அடியிலிருந்து ஒரு கை வந்து தம்பியின் காலைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டது. வளையல் இல்லாத கை. அத்தா அந்தக் கையைத்தான் பார்த்தார். தான் செத்துப்போனதை அவர் அப்போதுதான் நம்பினார் என்று நினைக்கிறேன்.

ஒரே இழுப்பில் திரையை விலக்கியிருக்கலாம். அவருடைய வீடு, அவருடைய மனைவி. ஏன் விலக்கவில்லை என்று இந்த ஐம்பது வருஷமாக யோசித்திருக்கிறேன். வெறுங்கையோடு வந்த வெட்கமாக இருக்கலாம். உள்ளேயிருந்து ஒரு வார்த்தை வரட்டும் என்று காத்திருந்திருக்கலாம். அம்மாவும் உள்ளே அதே போல ஏதோ ஒன்றுக்குக் காத்திருந்தாளோ என்னவோ. இருவரும் பேசவில்லை. அதனால் அவர் என்னிடம் கேட்டார்.

என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்டார். அரிசி, என் பள்ளிக்கூடம், ஒன்பது நாளில் வரப்போகும் தையல் மிஷின், நான் வேலூருக்குப் போக வேண்டாம் என்றது, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வந்துட்டேன்னா இதெல்லாம் நின்னுடும், இல்ல?"

"ஆமா."

"நீ சொல்லு பாப்பா. நான் இருக்கட்டுமா, போய்டட்டுமா?"

பத்து வயதுப் பிள்ளையிடம் கேட்கும் கேள்வியா அது. இன்று நினைத்தாலும் எனக்கு அந்த மனிதர்மேல் ஆத்திரம் வருகிறது. உள்ளே இருந்தவள்மேல் அதைவிட ஜாஸ்தி வருகிறது. ஒரு குரல் கொடுத்திருக்கலாம், ஒரு இருமல் இருமியிருக்கலாம். அவர் போகக் கூடாது என்று இருந்தது. ஜட்காவும் வரக் கூடாது என்று இருந்தது. இரண்டுக்கும் நடுவில் எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் சொன்னேன்.

"ஒம்பது நாளு கழிச்சு வாங்கத்தா. மிஷின் வந்துடும்."

அவர் முழங்காலில் கையூன்றி எழுந்தார். பிறகு, "சரி, அப்டியே செய்றேன்" என்றார். பெரியவர்களிடம் ஒப்புக்கொள்வது போல ஒப்புக்கொண்டார். துணிப்பையை எடுத்துக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று சந்தின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சுவர் ஓரமாகவே ஸ்டேஷன் பக்கம் நடந்தார். முனை திரும்பும் வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

உள்ளே போனேன். தம்பி அம்மாவின் மடியில் விசும்பிக்கொண்டிருந்தான். அம்மாவின் கையில் ஊசி அப்படியே இருந்தது.

"யாரு வந்தது?" என்று கேட்டாள்.

"யாரோம்மா. வேற வூட்டத் தேடி வந்தாங்க."

அவள் என்னைப் பார்த்தாள். "சரி, கதவச் சாத்து. அனல் அடிக்குது" என்றாள். நான் சாத்திய பிறகு தைக்க ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு அம்மா நாற்பது வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்தாள். அந்த மிஷினில் தைத்துத்தான் என்னையும் தம்பியையும் ஆளாக்கினாள். நான் டீச்சர் ஆனேன், தம்பி திருப்பத்தூரில் கடை வைத்தான். அந்த மத்தியானத்தைப் பற்றி அவள் என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தம்பிக்கு இன்றுவரை தெரியாது.

மீதி ஒன்பது நாளையும் அம்மா ஒரு நாள் குறையாமல் இருந்து முடித்தாள். பத்தாம் நாள் காலையில் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். ஜன்னல் சாக்கைப் பிய்த்து எறிந்தார்கள். அம்மாவைக் குளிக்க வைத்து, பெரிய பீபி கொண்டுவந்த புதுப்புடவையைக் கட்டிவிட்டார்கள். மிஷின் கைவண்டியில் வந்து இறங்கியது. எல்லோரும் உட்கார்ந்து அத்தாவின் மறுமைக்காகத் துஆ கேட்டார்கள். என்னையும் உட்கார வைத்து ஆமீன் சொல்ல வைத்தார்கள். சொன்னேன். சொல்லிவிட்டு நழுவி வெளியே வந்து சந்து முனைக்கு ஓடினேன்.

காலை ரயில் போய்விட்டது. ஸ்டேஷனிலிருந்து வருகிறவர்கள் மூட்டையும் கூடையுமாக என்னைக் கடந்து போனார்கள். மொட்டைத் தலையில் இத்தனை நாளில் முடி வளர்ந்திருக்கும், தொப்பி போட்டிருந்தாலும் போட்டிருப்பார் என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தேன். வீட்டிலிருந்து மிஷினை ஓட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. அடுத்த ரயிலும் வந்து போனது. வெயில் ஏறி, வெறுங்காலுக்குக் கீழே மண் சுட்டது. நான் நகரவில்லை.

தோளில் ஒரு கை விழுந்தது. அம்மா. நாலு மாதம் பத்து நாளுக்குப் பிறகு முதல் தடவையாகத் தெருவில் நிற்கிறாள். வெளிச்சத்துக்குக் கண் கூசி, முந்தானையை நெற்றிக்கு மேல் பிடித்திருந்தாள். ஸ்டேஷன் ரோடு முடியும் இடம் வரை ஒரு தடவை பார்த்தாள்.

"உள்ள வா" என்றாள். "அவரு வர மாட்டாரு."